ஒராள் காக்காவும் பாதி வடிகானும்

எந்த விசாரணைக் குழுவாலும் எடுக்க முடியாத பதிலை ஒரு தட்டுச் சோற்றை நடுவில் வைத்து எடுக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊரில், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். ஒராள் காக்கா என்றால்தான் தெரியும்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். உண்மையான பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கும். அதைப் பார்த்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

பெயர் வந்த கதை சுலபமானது. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, மூடி போட்டுக் கொண்டுவந்து பாயில் வைப்பார்கள். ஆறு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். சஹன், பாய், கை கழுவும் சட்டி எல்லாவற்றையும் கல்முனைக் கரை நெடுக வாடகைக்குக் கொடுப்பவர் காக்கா. கொடுத்ததோடு நின்றிருந்தால் வெறும் கடைக்காரர். அவர் நிற்கமாட்டார். சஹன்களுக்குப் பின்னாலேயே தானும் வந்து, பந்தலின் நடுவில் நின்று, ஐந்து பேர் இருக்கும் தட்டைக் கண்டால் தொண்டை கிழியக் கத்துவார்.

“ஒராள் குறையுது! ஒராள்! ஒராள்!”

ஆறாவது ஆள் வரும்வரை மூடியைத் திறக்க விடமாட்டார். ஒருமுறை மாப்பிள்ளையின் வாப்பாவே ஐந்தாவது ஆளாக இருந்து முக்கால் மணி நேரம் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவதுக்கு ஆளில்லை. காக்கா வீதிக்கு இறங்கி, அக்கரைப்பற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து, கொண்டக்டரை இறக்கிக் கூட்டிவந்தார். கொண்டக்டர் சாப்பிட்டு முடியும்வரை பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். காக்கா ஜன்னலோரம் போய், “உள்ளுக்கு எத்தன பேர் இரிக்கீங்க?” என்று கேட்டார். பதினெட்டு என்றார்கள். பந்தலைப் பார்த்துத் திரும்பி, “மூணு சஹன்!” என்று குரல் கொடுத்தார். பெண் வீட்டார் அன்றைக்கு அவரைக் கொல்லாமல் விட்டது அல்லாஹ்வின் அருள்.

யாரை யாரோடு இருத்துவது என்பதிலும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மாவடிப்பள்ளி வயலுக்காக ஒன்பது வருடம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவரை எதிரெதிரே இருத்தினார். சஹனில் வழக்கமாக வைக்கும் இரண்டு கோழிக்காலில் ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டார். பத்து நிமிடம் இருவரும் அந்த ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மூத்தவர், “நீ எடு,” என்றார். “இல்ல, நீங்க எடுங்க காக்கா,” என்றார் இளையவர். அதற்குள் நம்மவர் கையை நீட்டி அந்தக் காலை எடுத்துக் கடித்துவிட்டு, “கதைச்சிட்டீங்கதானே, அது போதும்,” என்றார். இருவரும் சேர்ந்து அவரை ஏசினார்கள். இன்றைக்கும் அந்த வயலை ஒன்றாகத்தான் செய்கிறார்கள்.

நான் கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், கடவுச்சீட்டுப் படம். ஊரில் ஒருவர் அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதினால் அது பெரும்பாலும் என் விரல் வழியாகத்தான் போகும். ஆகவே வடிகான் கதை எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

எங்கள் இரண்டு ஒழுங்கைகளின் மழைத் தண்ணீரும் ஓடுவதற்கென்று ஒரு வடிகான் கட்டினார்கள். கட்டிக்கொண்டே வந்து ஆசியா ராத்தாவின் வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் ராத்தாவின் குசினிக்குப் போனது. ராத்தா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்ப்பவர். மழை பெய்தால் அடுப்பு நனையும். அடுப்பு நனைந்தால் அன்றைக்கு இடியப்பம் இல்லை, வருமானமும் இல்லை. மாரியில் எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ராத்தாவுக்காகக் காக்கா ஏழு கடிதம் எழுதுவித்தார். வேலையை அளந்து பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரை எங்கள் ஊரில் ரீ.ஓ. என்போம். அவரிடம் போனால், “கொந்தராத்துக்கார ஹாஜியாரக் கேளுங்க,” என்பார். வேலையைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய அந்த ஹாஜியாரிடம் போனால், “மெம்பரக் கேளுங்க.” மெம்பரிடம் போனால், “அது ரீ.ஓ.ட வேல.” இப்படியே ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்துவிட்டது. எந்தக் கந்தோர், எந்த மெம்பர் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தொடர்ந்து இந்த ஊரில்தான் போட்டோக்கொப்பி எடுக்க வேண்டும்.

ஒரு நாள் காக்கா என் கடைக் கதிரையில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த மூணு பேரையும் ஒரு இடத்துல ஒண்டாக் கண்டிரிக்கீங்களா?”

“எங்க காணுற? ஒராள் இரிக்கிற இடத்துல மத்தவர் இல்லையே.”

“கலியாண ஊட்டுல?” என்றார்.

சொல்லிவிட்டுப் பாதிப் பிளேன்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். காக்கா எதையும் பாதியில் வைக்கும் ஆள் இல்லை.

அடுத்த கிழமை மருதமுனையில் ஒரு பெரிய கலியாணம். ரீ.ஓ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காக்கா அவர் கையைப் பிடித்தார். ஹாஜியாரை ஒரு பக்கமிருந்தும் மெம்பரை இன்னொரு பக்கமிருந்தும் இழுத்துவந்து அதே பாயில் இருத்தினார். நான் நாலாவது. ஐந்தாவது, மின்மானி வாசிக்க அந்த வழியாக வந்து மாட்டுப்பட்ட ஒரு சிங்களத் தம்பி. பிறகு காக்கா, “ஒராள் குறையுது,” என்று தனக்கே சொல்வதுபோல் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். மூடி திறந்தது. எல்லோரும் சோற்றில் கை வைக்கும்வரை பொறுத்திருந்தார்.

“ரீ.ஓ. சேர், ஆசியாட ஊட்டுக்கு முன்னால வடிகான் ஏன் நிண்டது?”

“கலியாண ஊட்டுல இதென்ன கத காக்கா? திங்கக்கிழம கந்தோருக்கு வாங்க.”

“வந்தா ஹாஜியாரக் கேக்கச் சொல்லுவீங்க. இந்தா ஹாஜியார் இரிக்கார். ஹாஜியார், ஏன் நிண்டது?”

ஹாஜியார் பழக்கதோஷத்தில், “அத மெம்பரக்...” என்று தொடங்கி, தன் முழங்கையோடு முழங்கை இடிபட மெம்பர் இருப்பதைக் கண்டு நிறுத்தினார்.

எழுந்து போகவும் முடியாது. மற்ற ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சஹனிலிருந்து ஒருவர் பாதியில் எழும்பினால் அது கலியாண வீட்டுக்காரரை முகத்தில் அடித்த மாதிரி. இது மூவருக்கும் தெரியும். காக்கா வேறு, தட்டு குறையக் குறையச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டேயிருந்தார். “வயிறு நிறையாம எழும்பேலா. வடிவாச் சாப்பிடுங்க. மெம்பர், நீங்க சொல்லுங்க.”

தயிரும் வாழைப்பழமும் வருவதற்கு முதல் முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது. ரீ.ஓ. வடிகானின் கோட்டைச் சரியாகத்தான் கீறியிருந்தார். ஆனால் கோட்டின் மேல் மெம்பருடைய மனைவியின் தம்பி கட்டிய மதில் இரண்டடி வெளியே வந்து நின்றது. மதிலில் கை வைக்க எவருக்கும் மனமில்லை. ஆகவே வேலையை அங்கேயே நிறுத்தி, ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டார்கள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தயிரைப் பிசைந்தார்கள். “சரி, சரி, வெள்ளிக்கிழம ஆள் அனுப்புறன்,” என்றார் ஹாஜியார். சிங்களத் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சாப்பிட்டார்.

எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க மறந்துவிட்டோம். மூன்று வெள்ளி போய்விட்டது, ஆள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு நிறுவனம் பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தது. பொது வேலைகளை ஒளிவு மறைவில்லாமல் பார்ப்பதற்கும், செய்தவர்களிடம் பதில் கேட்பதற்கும் புதுமையான வழி வைத்திருக்கும் ஊர் ஆட்களுக்குச் சிறு மானியம் தருவார்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“தம்பி, இது நம்மட சஹன்தானே?” என்றார்.

விண்ணப்பத்தை நிரப்ப மூன்று நாள் எடுத்தது. நான் கேள்வியை வாசிப்பேன், அவர் சொல்வார், நான் தலையில் அடித்துக்கொண்டு டைப் பண்ணுவேன்.

“இலக்குக் குழு எத்தனை பேர்?”

“ஆறு.”

“அத்தனை பேர்தானா காக்கா?”

“ஒரு சஹனுக்கு ஆறு. ஏழு பேர் இருந்தா முட்டுப்படும்.”

“திட்டத்துக்கு வரக்கூடிய இடர்கள்?”

“தயிர் முந்தி வந்தா எல்லாரும் எழும்பிருவாங்க.”

“மானியம் முடிந்த பிறகும் இது தொடருமா?”

“இதென்ன கேள்வி? மானியம் முடிஞ்சா கலியாணம் நிண்டுருமா?”

பெண்களின் பங்களிப்பு என்ற இடத்தில் காக்கா முதல் தடவையாகத் திணறினார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்து நின்ற ஆசியா ராத்தா பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

“என்ட அடுப்பு நனையிற கதைய ஆம்பிளையள் மட்டும் கதைச்சு முடிக்கப் போறீங்களா? பொம்புளப் பக்கமும் சஹன் போகுதுதானே. மெம்பர்ட பொஞ்சாதியோட நான் இரிக்கன். எழுதுங்க.”

எழுதினேன். கொழும்பிலிருந்து ஒரு மிஸ் நேரில் பார்க்க வந்தார். வந்த அன்றைக்கே அவரை ஒரு கலியாணத்தில் பெண்கள் பக்கம் ஆறாவது ஆளாக இருத்திவிட்டார் காக்கா. வெளியே வரும்போது மிஸ்ஸுக்கு எங்கள் ஊரின் மூன்று பாலம், ஒரு மலசலகூடம், இரண்டு விவாகரத்து பற்றிய முழு விவரமும் தெரிந்திருந்தது. மானியம் கிடைத்தது.

காக்கா அதில் புதுச் சஹன்கள் வாங்கினார். ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் ஊரில் நடக்கும் ஒரு வேலையின் விவரத்தை ஒட்ட வேண்டும் என்றார். என்ன வேலை, எவ்வளவு நீளம், யார் பொறுப்பு, எப்போது முடிய வேண்டும். மூடியைத் திறந்தால் சோற்றோடு சேர்த்துக் கணக்கும் தெரியும். நல்ல யோசனைதான். அச்சடித்தது நான். சூட்டு ஆவி மையில் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் கலியாணத்தில் இருபது சஹன் நெய்ச்சோறும் நீலமாகிவிட்டது. ஒரு பெரியவர் கோழித் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “காக்கா, இந்தக் கோழில திகதி போட்டிரிக்கி,” என்றார். அடுத்த தடவை லெமினேட் பண்ணினேன்.

இரண்டு மாதம் அமோகமாக நடந்தது. மூன்றாம் மாதம் எங்கள் கரையில் இருக்கும் உத்தியோகத்தர்கள், கொந்தராத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சீனி வருத்தம் வந்தது. கலியாணத்துக்கு வருவார்கள், மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பார்கள், “எனக்குச் சீனி, சாப்பாடு கூடாது,” என்று வாசலோடு போய்விடுவார்கள். பெரிய மனிதர்கள் சாப்பிடாமல் போன பந்தல் வீட்டுக்காரருக்கு அவமானம். அவர்களைக் கோபிக்க முடியாது. காக்காவைக் கோபிக்கலாம். ஆகவே ஒவ்வொரு வீடாக அவரிடம் ஒரே வசனத்தைச் சொல்லத் தொடங்கியது.

“சஹன மட்டும் அனுப்புங்க காக்கா. நீங்க அலைய வேணாம்.”

சஹன்கள் போயின. காக்கா வீட்டில் இருந்தார். எங்கிருந்தாவது நெய்ச்சோற்று வாசம் வந்தால் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பாராம். இதை ஆசியா ராத்தா சொன்னார்.

கொழும்பு மிஸ் அறிக்கை கேட்டார். காக்கா என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“இந்த மாசம் எத்தன சஹன் எண்டு கேட்டிரிக்கா? ஒண்டுமில்ல எண்டு அடியுங்க.”

“வேலை நடந்துகொண்டிருக்கு என்று போடுவமா காக்கா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு விரல் கூசியது.

“தம்பி, முடியாத வடிகான முடிஞ்ச எண்டு எழுதினதத்தானே நம்ம கேட்ட? மறுகா நான் இத எழுதுறதா? ஒண்டுமில்ல எண்டே போடுங்க. கீழ ஒரு வரி போடுங்க. பிழை என்ட. சாப்பிட வந்த மனிசனக் கூண்டுல ஏத்திட்டன்.”

அடித்துக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பிறகு முகம் மலர, “உங்கட மகள்ட கலியாணம் வருதே தம்பி, எத்தன சஹன்?” என்றார்.

என் கடைக்கு மேல்மாடி கட்டுவதற்கான வரைபடம் அப்போது ரீ.ஓ.வின் மேசையில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

“நாப்பது, காக்கா,” என்றேன். “சஹன மட்டும் அனுப்புங்க. நீங்க அலைய வேணாம்.”

“ஓம் தம்பி,” என்றார் உடனேயே. “மழை வரும் போல இரிக்கி. பந்தலுக்கு நல்ல தறப்பாளாப் போடுங்க.” என் வாழ்க்கையில் எத்தனையோ எழுத்துப் பிழை விட்டிருக்கிறேன். அழித்துவிட்டு அடிக்கலாம். வாயால் சொன்னதை அழிக்க முடியவில்லை. அவர் ஒழுங்கையில் திரும்பும்வரை எனக்கு வெட்கமாக இருந்தது.

கலியாணம் ஒரு வியாழக்கிழமை. காக்கா வரமாட்டார் என்ற செய்தி பரவியதும் சீனி வருத்தம் எல்லோருக்கும் சுகமாகிவிட்டது. ரீ.ஓ., ஹாஜியார், மெம்பர் மூவரும் சிரித்துக்கொண்டு வந்து ஒரே பாயில் இருந்தார்கள். என் மச்சான் நாலாவது. ஐந்தாவது, அழைக்காமலே வந்து சேர்ந்த அந்த மின்மானித் தம்பி. சஹன் வந்தது. மூடி போட்டபடி நடுவில் இருந்தது.

ஒருவரும் திறக்கவில்லை.

பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பாயில் நாலு பேர், ஒன்றில் எட்டுப் பேர், மிச்சமெல்லாம் ஐந்து ஐந்தாக. எல்லோரும் கையைக் கழுவிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருடம் அந்த மனிதர் கத்திக் கத்திப் பழக்கியது. ஐந்து பேரோடு மூடியைத் திறக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் கை வரவில்லை. கத்துவதற்கும் ஆளில்லை. சமையற்காரர் என்னை முறைத்தார்.

“என்ன தம்பி,” என்று ஹாஜியாரே கூப்பிட்டார். “அவர் எங்க?”

“யாரு ஹாஜியார்?”

“யாரா? ஒராள் குறையிது தெரியல்லையா?”

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். காக்கா முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சேட்டு அயன் பண்ணி, புதுச் சாரன் உடுத்து, தொப்பி போட்டு, அத்தர் பூசி.

“வெள்ளிக்கிழமதானே தம்பி,” என்றார் அவராகவே. “அதான் உடுத்தன்.”

“இண்டைக்கு வியாழன் காக்கா.”

“அப்பிடியா?” என்று சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“ஒராள் குறையுது காக்கா,” என்றேன்.

எழுந்த வேகத்தில் வலச் செருப்பை இடக் காலில் போட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறினார்.

பந்தலுக்குள் நுழைந்து முதலில் மற்றச் சஹன்களையெல்லாம் ஆறு ஆறாக நிரப்பினார். அந்தக் குரலைக் கேட்டதும் என் மனைவி பெண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் அந்த மூவரின் பாய்தான் மிஞ்சியது. காக்கா போய் உட்கார்ந்தார். மூவரும் பாயில் சற்றுப் பின்னால் நகர்ந்தார்கள். மூடி திறந்தது. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல கோழித் துண்டாகப் பார்த்து ரீ.ஓ.வின் பக்கம் தள்ளினார். இறைச்சியை ஹாஜியாரின் பக்கம் தள்ளினார். குனிந்து சாப்பிட்டார்.

அப்போதுதான் தறப்பாளில் மழை விழத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு கொட்டு. காக்கா தலையை நிமிர்த்தி ஒருதரம் மேலே பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தார். அவ்வளவுதான்.

ஹாஜியார் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “காக்கா, கேளுங்களேன்,” என்றார்.

“என்னத்தக் கேக்க?”

“அல்லாஹ்வே, கேட்டாச் சொல்லிட்டுச் சாப்பிடலாம். இப்பிடி இருந்தா எப்பிடி இறங்குற? ஞாயித்துக்கிழம கல்லும் மண்ணும் இறக்குறன்.”

“கோட்ட நான் திரும்பக் கீறித் தாறன்,” என்றார் ரீ.ஓ.

மெம்பர் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். அங்கே தன் மனைவிக்கு அருகில், ஒரே சஹனில், ஆசியா ராத்தா இருப்பது அவருக்குத் தெரியும். “இண்டைக்கு ஊட்டுக்குப் போனா மதில் கதை எப்பிடியும் பொஞ்சாதிட வாயால வரும்,” என்றார் சோகமாக. வந்தது. மூன்றாம் நாள் மெம்பரின் மச்சானே அலவாங்கோடு நின்று மதிலை இடித்தார். கூடப்பிறந்த ராத்தா சொன்ன பிறகு எந்தத் தம்பி மறுப்பான்?

கல்லும் மண்ணும் ஞாயிற்றுக்கிழமை இறங்கவில்லை, திங்கட்கிழமை இறங்கியது. இப்போது தண்ணீர் கடலுக்குப் போகிறது. ஆசியா ராத்தாவின் அடுப்பு மாரியிலும் எரிகிறது. கொழும்பு அறிக்கையில் ‘கற்றுக்கொண்ட பாடம்’ என்ற இடத்தில் காக்கா சொன்னதை அப்படியே அடித்தேன்: கேட்டா நாள் எடுக்கும், கேக்காம இருந்தாக் கெதியாச் சொல்லுவாங்க. இந்த முறையை வேறு மாவட்டங்களில் செய்யலாமா என்று மிஸ் கேட்டதற்கு, சஹன் வாடகைக்கு அனுப்பலாம், ஆனால் தானும் கூடவே வருவேன் என்று பதில் போட்டார். என் மேல்மாடி வரைபடம் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. “ஒரு சஹன் போடுவமா தம்பி?” என்று காக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மருமகன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது நாங்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமைகளில் மனைவி சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, மூடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து மோட்டார் சைக்கிள் திறப்பைச் சேட்டுப் பைக்குள் தேடுவேன்.